நாற்பத்தொன்றாம் நம்பர் கால்

“ஏனுங்க கண்ணு, நா மாடில வடகங் காயப்போட்ட துணில முட்டிச்சில்லு எப்படி வந்துச்சுங்க? நானா பெத்துப் போட்டேன்?”

சுப்பாத்தாளின் குரல் தெருமுனை டீக்கடை வரை கேட்டது. ஆளைத் திட்டும்போதும் ‘ங்க’ விடாத மரியாதைக்கார வீட்டுக்காரம்மா. கையில் இடுக்கி, இடுக்கியில் யாரோ ஒரு மனிதரின் முழங்கால் சில்லு.

“காக்கா தூக்கிப் போட்ருக்கும், ஓனரம்மா,” என்று வாங்கிக்கொண்டாள் வேல்விழி. சொன்னாளே தவிர அவளே அதை நம்பவில்லை. எலும்புச் சாக்கை அவள் மாடிக்குக் கொண்டுபோகவே இல்லை. வாயைக் கட்டிக் கட்டிலுக்கடியில் அல்லவா தள்ளியிருந்தாள்?

“நாளைக்குப் பொழுதுக்குள்ள அந்தச் சாக்கு வெளிய போகோணும். இல்லீனா ஆத்தாளும் மகளும் ரூமைக் காலி பண்ணிப்போடுங்க.”

“நாளைக்கு எனக்குப் பரிட்சை. அது முடியாம நானும் போக மாட்டேன், எலும்பும் போகாது. ஆனதப் பாருங்க!”

உசிலம்பட்டிப் பக்கத்து வாய். அம்மா ஒச்சாயி பனியன் கம்பெனியில் செக்கிங். மகள் அதே கம்பெனியின் கட்டிங்கில் இரண்டு வருடம் நம்பர் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டு, இப்போது பிசியோதெரபி முதலாமாண்டு. இதில் தோற்றால் மறுபடி கட்டிங் டேபிள்தான்.

அந்த ஸ்டிக்கர்தான் வினை. கட்டிங்கில் ஒரே நம்பர் ஒட்டிய முன்பக்கமும் பின்பக்கமும் கையும் சேர்ந்தால்தான் ஒரு பனியன். நம்பர் மாறினால் டெய்லர் தொடமாட்டார். காலேஜ் சீனியர் படிக்கக் கொடுத்துவிட்டுப் போன வலது கால் எலும்புகளோ பல பேருடையவை. ஒன்று சுண்ணாம்பு வெள்ளை, ஒன்று டீக்கறை நிறம். தொலையாமல் இருக்கட்டும் என்று, கைப்பழக்கத்தில், எல்லாவற்றிலும் நாற்பத்தொன்றை ஒட்டிவிட்டாள் கெட்டிக்காரி.

ஞாயிறு மத்தியானம். ஒச்சாயி தாராபுரத்தில் காதுகுத்துக்குப் போயிருந்தாள். வாரமெல்லாம் சுவரை அதிரவைக்கும் பக்கத்து நிட்டிங் மெஷின்கள் ஓய்ந்திருந்ததால், ஃபேன் சுற்றுவதும், தகரக் கூரை வெயிலில் முறுக்கிக்கொள்வதும், பனியன் வேஸ்ட் மூட்டையிலிருந்து வரும் சாயவாடைக்கு அடியில் ஈரமண்போல வேறொரு வாடை எழுவதும் அவளுக்குத் துல்லியமாகத் தெரிந்தன. சில்லைச் சாக்கில் போட்டு இறுக்கிக் கட்டினாள். கதவைச் சாத்திவிட்டுச் சத்தமாகப் படித்தாள்.

“தொடையெலும்பு, நீள எலும்பு.”

கட்டிலுக்கடியில் டொக்.

எலி என்று நினைத்துக்கொண்டாள். நினைப்பதற்கு யார் தடை?

“குதிகால், குட்டை எலும்பு.”

டொக்.

“இடுப்பெலும்பு... ஒழுங்கற்ற எலும்பு.”

டொக். பிறகு ஏதோ தரையில் இழுபடும் ஓசை.

அடுத்தது முட்டிச்சில்லு. எள் வகை எலும்பு. வாய் திறக்கவில்லை. மனசுக்குள்தான் சொன்னாள்.

டொக்.

சாக்கின் வாய் அவிழ்ந்திருந்தது. கட்டிலுக்கு அந்தப்புறம், சுவரோரம், ஒரு கால் நின்றது. இடுப்பெலும்பிலிருந்து கால்விரல் வரை. தசையில்லை. கம்பியில்லை. ஒற்றைக் கால். நின்றது. ஆடியது. துணைக்கு இன்னொன்றைத் தேடுகிற மாதிரி அவள் பக்கம் திரும்பியது.

அவளுடைய இடது முழங்கால் அரித்தது.

பாவாடையை விலக்கினாள். முட்டியின் மேல் சின்ன வெள்ளைச் சதுரம். நாற்பத்தொன்று. அவள் ஒட்டவில்லை. அதற்கடியில் சில்லு நகர்ந்தது. அசைந்து பார்க்கும் பல் மாதிரி.

அழுதிருக்கலாம். அவளுக்குக் கோபம்தான் வந்தது.

“நம்பர் ஒட்டுனவ நானு. எனக்கே நம்பரா?”

நகத்தால் பிய்த்தாள், தோலோடு வந்தது. தரையில் எறிந்தாள். மேஜையில் கிடந்த ரோலிலிருந்து அடுத்த நம்பரைக் கிழித்து, ரத்தம் கசியும் முட்டியில் அறைந்து ஒட்டினாள்.

“நாப்பத்திரெண்டு. நான் வேற பீஸு. தொடு பாப்போம்!”

கால் நின்ற இடத்திலேயே நின்றது.

வெளியே செருப்பைக் கழற்றும் ஓசை.

“ஆரு கூடங்க கண்ணு பேசீட்டிருக்கறீங்க?”

“வராதீக ஓனரம்மா! கும்புடுறேன், வராதீக!”

“எம்பட ஊட்டுக்குள்ள வர்றதுக்கு நா ஆரைங்க கேக்கோணும்?”

எந்த வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்காவிட்டால் சுப்பாத்தாளுக்குச் சோறு இறங்காது. கதவைத் தள்ளினார். இடது காலை எடுத்து வைத்தார். வெறுங்கால். பிய்த்தெறிந்த ஸ்டிக்கர் மேல்.

டொக்.

டொக். டொக். டொக்.

வேல்விழி பரிட்சையில் தேறினாள். மறு தையில் துணியை அழுத்தித் தரும் காம்பாக்டிங் மெஷின் ஆபரேட்டர் மாரிச்செல்வத்தைக் கட்டிக்கொண்டு, அம்மாவோடு கணியூருக்குக் குடிபோய்விட்டாள். பரிட்சை முடிந்த கையோடு அவர்கள் காலி பண்ணிய அந்த அறைக்கு இன்னும் ஆள் வரவில்லை. உள்ளே யாரோ இரண்டு காலாலும் நடப்பதாகப் பக்கத்து அறைக்காரர்கள் சொல்கிறார்கள். சுப்பாத்தாள் மூலனூரில் மகள் தரணி வீட்டில் இருக்கிறார். பேச்செல்லாம் பழைய மாதிரியேதான். ராத்திரி போர்த்திவிடும்போது மட்டும், தரணி அம்மாவின் இடது காலை நாலாக மடித்து வைக்கிறாளாம்.