வெளிப்பக்கத் தாழ்ப்பாள்

நடந்ததை நடந்த வரிசையில்தான் சொல்கிறேனா என்று எனக்கே நிச்சயமில்லை. கீறல்களைப் பார்த்தது எந்தக் கிழமை என்பதுகூட மறந்துவிட்டது. ஆனால் பொய் சொன்னது நான்தான். அதில் குழப்பமில்லை.

இடிக்கிற வீடுகளின் மரத்தில் புது வீட்டுக்குச் சாமான் செய்து கொடுப்பது என் தொழில். பிள்ளைகளின் உயரம் குறித்த நிலைச்சட்டத்தைப் புத்தக அடுக்காக்கியிருக்கிறேன். ஞாபகம் படிந்த பக்கத்தை இழைப்பதில்லை. எண்ணெய் மட்டும் பூசி, அதைக் கண்ணில் படும்படி வைப்பேன்.

அக்காவும் தம்பியுமாக ஒரு தேக்குக் கதவைக் கொண்டுவந்தார்கள்.

"அம்மா இருந்த ரூம் கதவுண்ணே," என்றார் தம்பி. "டைனிங் டேபிள் ஆக்கிடுங்க. என் புது வீட்டுக்கு."

அக்கா மரத்தைத் தடவிக்கொண்டே நின்றார். "அம்மாவோட கடைசி மூணு வருஷமும் நான் வெளியூர்ல. எப்ப போன் பண்ணாலும் அம்மா தூங்குறாங்கன்னுதான் இவன் சொல்வான். அவங்க கைபட்ட அடையாளம் ஏதாவது இருந்தா மேல் பக்கம் வைங்கண்ணே."

"விட்டா பல்லி ஓடின தடத்துக்கும் பிரேம் போடுவா," என்று தம்பி சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை.

அவர்கள் போனபின் கதவைப் புரட்டினேன். தாழ்ப்பாள் வெளிப்பக்கம் இருந்தது. உட்பக்கம் ஆணித் துளைகூட இல்லை. தரையில் உட்கார்ந்தால் கை எட்டும் உயரத்தில் கீறல்கள். ஒன்றின்மேல் ஒன்றாக, நூற்றுக்கணக்கில்.

தம்பிக்குப் போன் செய்தேன்.

"நாய் கட்டி வெச்சிருந்தோம்ணே," என்றார். "அக்காகிட்ட சொல்லிட்டிருக்காதீங்க."

ஒரு கீறலுக்குள் உடைந்த நகத்துண்டு சிக்கியிருந்தது. அது நாயின் நகம் இல்லை. ஊதினேன். மரத்தூளோடு போய்விட்டது.

அன்றே அக்கா கூப்பிட்டார். "ஏதாவது இருக்காண்ணே?"

"ஒண்ணும் இல்லம்மா. சுத்தமான மரம்."

உட்பக்கத்தை மேஜையின் அடிப்பக்கமாக்கினேன். குனிந்து யார் பார்க்கப் போகிறார்கள் என்று இழைக்காமலே விட்டேன்.

தம்பியின் புது வீட்டில் மேஜையைப் பொருத்திய அன்று மதியம் என்னையும் சாப்பிடச் சொன்னார்கள். அக்கா எனக்கும் தம்பிக்கும் அவர் மனைவி பிள்ளைகளுக்கும் பரிமாறிவிட்டு உட்கார்ந்தார். வெயில் ஜன்னல் வழியே பாதி மேஜைவரை வந்திருந்தது.

மூன்று தட்டல்.

"காலை ஆட்டாதக்கா," என்றார் தம்பி.

"நான் ஆட்டல."

மறுபடியும் மூன்று. என் தட்டுக்கு நேர் கீழே. மெதுவாக, பழகிய கை தட்டுவது போல.

தம்பியின் முகம் சாம்பலாகிவிட்டது. வாயில் இருந்ததை விழுங்காமல், ரகசியம் போல முணுமுணுத்தார். "சாப்பாட்டு நேரம்னா இப்படித்தான் தட்டும்."

"எது?" என்றார் அக்கா.

தம்பி நாற்காலியைப் பின்னால் தள்ளினார்.

அக்கா குனிந்தார். பிறகு தரையில் மல்லாந்து படுத்து மேஜைக்கு அடியில் தலையை விட்டார். நானும் குனிந்தேன். பழைய கீறல் கருத்திருக்கும்; புதிது வெளுத்திருக்கும். பட்டறையில் நான் பார்த்தவை எல்லாம் கருப்பு. இப்போது அவற்றின் குறுக்கே ஐந்து வெளுத்த கோடுகள். அக்காவின் நெற்றியில் மரத்தூள் உதிர்ந்துகொண்டிருந்தது.

அவர் தன் ஐந்து விரல்களை அந்தக் கோடுகளில் வைத்துப் பார்த்தார். பொருந்தின.

"சுத்தமான மரம்," என்றார் என்னைப் பார்த்து.

அதற்குப்பின் அக்கா தம்பி வீட்டு வாசலை மிதிக்கவில்லை. தம்பியின் மனைவி பிள்ளைகளோடு தாய்வீட்டுக்குப் போய்விட்டார். தம்பி அந்த வீட்டில் தனியாக இருக்கிறார், எல்லா அறைக் கதவுகளையும் கழற்றிவிட்டு. மேஜை என் பட்டறைக்குத் திரும்பி வந்து, கால்கள் மேலே பார்க்கக் கிடக்கிறது. அடிப்பக்கத்தை இரண்டு முறை இழைத்துவிட்டேன். தினமும் மதியம் கடையைப் பூட்டிக்கொண்டு சாப்பிடப் போகிறேன். திரும்பி வந்து பார்த்தால் பலகைமேல் புதுத் தூள் கிடக்கிறது.