தேய்க்க மறந்த நுனி

"பொய் சொல்றது யாரு மேடம்? நானா, உங்க மெஷினா?"

ஆய்வுக்கூட வாசலில் தொப்பலாக நனைந்து நின்றான் லாரி டிரைவர். மழை சொட்டும் இமைகளுக்குப் பின்னால்... அப்படியொரு பார்வை. அங்கே டீசலைச் சோதிக்கும் அவளுக்கு எரிச்சலாக வந்தது.

"மெஷின் பொய் சொல்லாது," என்றாள் வெடுக்கென்று.

மலிவு விலை மண்ணெண்ணெயில் அடையாளத்துக்காக ஒரு சாயம் கலந்திருப்பார்கள். அது டீசலில் கலந்திருந்தால், எலக்ட்ரோடு என்கிற பென்சில் போன்ற கம்பியை முக்கி மின்சாரம் செலுத்தியதும் திரையில் கோடு எழும்பிவிடும். அவன் லாரி டீசலுக்கு எழும்பியது. லைசென்ஸ் பறிபோனது. சோதித்தவள் அவள்; அறிக்கையில் கையெழுத்திட்டவர் ஆய்வுக்கூடத் தலைவர்... அவளுடைய அப்பா.

மறுநாளும் வந்தான். அதற்கு மறுநாளும்.

"உங்க மெஷினுக்கு என்மேல அப்படி என்ன கோவம் மேடம்?"

"நனைஞ்ச கோழி மாதிரி நிக்காம வீட்டுக்குப் போங்க."

சிரித்துவிட்டுப் போவான். பாவி, அந்தச் சிரிப்பு அவள் வீடு வரைக்கும் கூடவே வந்தது.

பத்தாம் நாள். சாய மண்ணெண்ணெயைச் சோதித்த கையோடு சுத்தமான டீசலைச் சோதித்தாள். கோடு எழும்பியது... அதே இடத்தில்! ஒவ்வொரு சோதனைக்குப் பிறகும் எலக்ட்ரோடின் நுனியைத் தேய்க்க வேண்டும். அவசரத்தில் மறந்திருந்தாள். ஐயோ, அன்றும் மறந்தோமோ? நுனியைத் தேய்த்துவிட்டு, மிச்சமிருந்த அவனுடைய டீசலை மறுபடி சோதித்தாள். கோடு அசையாமல் படுத்தே கிடந்தது.

"கையெழுத்துப் போட்டாச்சும்மா. இப்ப மாத்தினா என் மானம் என்னாகும்?" என்றார் அப்பா.

"அவர் பொழப்பு என்னாச்சுப்பா?"

அப்பா கோப்பை மூடி அலமாரியில் வைத்தார். அவளே தன் தவறை எழுதி மேலிடத்துக்கு அனுப்பினாள்.

இரண்டு நாள் கழித்து லாரி ஷெட்டில் அவனைக் கண்டுபிடித்தாள். அவன் ஓட்டிய லாரியை முதலாளி வேறொரு டிரைவரிடம் கொடுத்துவிட்டிருந்தார்.

"தப்பு என்மேலதான்... நுனியைத் தேய்க்கல. உங்க டீசல் சுத்தம்." மறுசோதனைத் தாளை அவனிடம் நீட்டினாள். "லைசென்ஸ் வந்துடும். லாரி...?"

"போச்சு மேடம். கலப்படக்காரன்னு பேரும் வந்தாச்சு." மழைக்குக் கை நீட்டினான். "மறுசோதனைக்குப் பக்கத்து ஆபீஸ்ல மூணாம் நாளே எழுதிக் கொடுத்துட்டேன். உங்ககிட்ட வரவேண்டிய வேலையே இல்ல."

"அப்புறம் ஏன் தினமும்...?"

"நனைஞ்ச கோழிக்கு வேற எங்க போகத் தெரியும்?"



"இனிமே நான் அங்க இல்ல. வேலையை விட்டு நிறுத்திட்டாங்க. அப்பாவும் பேசறதில்ல..."

"அப்ப நான் எங்க வந்து நிக்கறது?"

"என்கூட நில்லுங்க." அவன் பக்கத்தில் போய் நின்றாள். "உங்களைப் பிடிச்சிருக்கு... இது மெஷின் சொல்லல. நான் சொல்றேன்."