துடிப்பு இறங்கும்வரை

மரகதவல்லியின் காலடியிலிருந்து நீலக்கோடு ஒன்று தரையில் ஒளிர்ந்தபடி முன்னே ஓடியது. கடைத்தெருவில் ஆளுக்கொரு கோடு. அத்தனை கூட்டத்திலும் ஒரு தோள் இன்னொரு தோளை உரசவில்லை. வெள்ள முகாம்களிலும் எல்லையோரக் கூடாரங்களிலும் செவிலியாக அலைந்து, முழங்கையால் வழி உண்டாக்கியே பழகியவளுக்கு இந்த அமைதி முதல் நாள் சொர்க்கமாகத்தான் இருந்தது.

மகளை மட்டும் பார்க்க முடியவில்லை.

"வந்துடும்மா, நேர்ல பேசிக்கலாம்" என்று நறுமுகைதான் அழைத்திருந்தாள். ஆனால் அவள் வீட்டுத் தெருவை நெருங்கும்போதெல்லாம் கோடு வளைந்து வேறெங்கோ கூட்டிப் போனது. தொலைபேசியோ, "சற்றுப் பொறுத்து அழைக்கவும்" என்றது இனிமையாக.

விருந்தினர் நிலையத்தில் வேலை பார்க்கும் செந்தாமரைதான் காரணத்தைச் சொன்னாள்.

"கையில மாட்டி விட்டிருக்காங்களே தணிவளை, அது நாடித்துடிப்பைப் பாக்குதுக்கா. ரெண்டு பேர் சந்திச்சா துடிப்பு எகிறும்னு தெரிஞ்சா, கோடு அவங்களை ஒதுக்கி விட்டுடும். எங்க ஊர்ல சண்டையே கிடையாது, தெரியுமா?"

"நான் சண்டை போட வரலம்மா. என் பொண்ணைக் கட்டிப்பிடிச்சு அழ வந்திருக்கேன்."

"வளைக்கு அந்த வித்தியாசம் தெரியாதே! உங்க பொண்ணுக்கும் உங்க பேரைக் கேட்டாலே எகிறுதாம். பாசம் கூடிப்போச்சு, மாட்டிக்கிட்டீங்க."

"கழட்டிப் போட்டா?"

"ஒரு கதவும் திறக்காதுக்கா. பழக்க அறைக்குப் போங்க, துடிப்பு ஏறாம இருக்கப் பழக்குவாங்க. வேற வழியில்ல."

பழக்க அறையின் சுவரில் நறுமுகையின் முகம் தோன்றும். துடிப்பு ஏறினால் மறைந்துவிடும். மீண்டும் தோன்றும். பால்பல் விழுந்த முகம், அம்மா முகாமுக்குக் கிளம்பும்போதெல்லாம் விடுதி வாசலில் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்ற முகம். தொடக்கத்தில் மரகதவல்லி புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். பிறகு மூக்கை வெறும் மூக்காகவும், கண்ணை வெறும் கண்ணாகவும் பார்க்கக் கற்றுக்கொண்டாள். நகரின் மறுகோடியில் நறுமுகையும் இன்னொரு சுவரின் முன் அம்மாவின் முகத்தைப் பழகிக்கொண்டிருந்தாள். ஒருநாள் படம் கடைசிவரை மறையவில்லை. மரகதவல்லிக்கு அது வெற்றியாகவே பட்டது.

சிற்றுண்டிச் சாலையில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள்.

"நல்லா இருக்கீங்களா?" என்றாள் நறுமுகை.

"இருக்கேன். நீ?"

"ம். இங்க ஆப்பம் நல்லா இருக்கும்."

நெஞ்சில் ஏதாவது வரும் என்று மரகதவல்லி காத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை. இதற்காகவா கடல் தாண்டி வந்தேன் என்ற கேள்விகூட அவளுக்கு வலிக்கவில்லை. ஆப்பத்தைப் பிய்த்துத் தேங்காய்ப்பாலில் நனைத்தாள்.

நறுமுகை சட்டென்று கைநீட்டி, அவள் நெற்றியில் விழுந்திருந்த முடியை ஒதுக்கினாள்.

"அடப்பாவி அம்மா, இப்படி நரைச்சுப் போயிட்டியே!"

அந்த விரல்களின் சூட்டில் மரகதவல்லியின் நெஞ்சு ஒரு துள்ளு துள்ளியது. மேசைக்கு அடியில் இரண்டு கோடுகளும் ஒரே நொடியில் எதிரெதிர்த் திசைகளில் ஓடின. நறுமுகை எழுந்து தன் கோட்டின்மேல் நடந்தாள். அந்த ஊருக்குப் பழகிய கால்கள் யோசிப்பதில்லை. வாசலைத் தாண்டிய பிறகுதான் பதறித் திரும்பினாள். "அம்மா…" என்றாள். கண்ணாடிக் கதவு மெதுவாக மூடிக்கொண்டது.

மரகதவல்லி இன்னொரு கதவு வழியாகத் தெருவுக்கு ஓடினாள். தூரத்தில் மகளின் பச்சைத் தாவணி தெரிந்தது. இவள் ஓட ஓட நெஞ்சு படபடத்தது. நெஞ்சு படபடக்கப் படபடக்க, மகளின் காலடிக் கோடு மேலும் மேலும் நீண்டு அவளை இழுத்துக்கொண்டு போனது.

அது புரிந்ததும் மரகதவல்லி நின்றுவிட்டாள். நடுத்தெருவில் கண்ணை மூடிக்கொண்டு, தன் மகளை வெறும் மூக்காக, வெறும் கண்ணாக நினைத்துப் பார்க்க முயன்றாள். முடியவில்லை. அவள்மேல் ஒருவரும் இடித்துவிடாமல், நகரம் இருபுறமும் விலகி விலகிப் போய்க்கொண்டிருந்தது.