'ஹஸ்பண்ட்'டுக்கு ஓர் உதாரண வாக்கியம்

"இந்த 'ஹஸ்பண்ட்' எழுதினது யாருங்க?"

அகராதி அலுவலகத்தில் தனியாக உட்கார்ந்திருந்தவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. வாசலில் தொப்பலாக நனைந்து ஒருவன்... காகிதக் கட்டு ஒன்றை மட்டும் நனையாமல் சட்டைக்குள் அணைத்தபடி நின்றான். இமையிலிருந்து மழை சொட்டியது. அடேயப்பா, என்ன கண்கள்! சண்டைக்கு வந்தவனுக்கு இவ்வளவு அழகான கண்கள் எதற்கு?

"நான்தான். நீங்க யாரு?"

"அச்சகத்துல புரூப் பாக்குறவன். தாள் கொண்டுவர்ற ஆள் இன்னிக்கு லீவு. நல்லதாப் போச்சு, நேர்லயே கேக்கலாம்னு வந்துட்டேன்."

கல்யாணம் பற்றிய ஆங்கிலச் சொற்களுக்கான சின்ன அகராதி அது. ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள், பிறந்த கதை, கூடவே ஓர் உதாரண வாக்கியம்... அத்தனையும் அவள் எழுதியது. அதில் குறை சொன்னால் கோபம் வராதா?

"ஏன், என்ன தப்பு? 'ஹஸ்பண்ட்'னா ஆதியில வீட்டுத் தலைவன். சரியாத்தானே இருக்கு?"

"அர்த்தம் சரி. உதாரணத்தைப் படிங்க."

அவன் நீட்டிய தாளைப் படித்தாள். 'அவனுக்கு வேண்டியது வீட்டைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள். அது அவளாகவே இருக்க வேண்டும் என்பதில்லை.'

"இப்ப 'வெட்டிங்'. 'வெட்'னா பழைய ஆங்கிலத்துல வாக்குறுதி. அருமை! உதாரணம்?"

'அவளை ஒரு வார்த்தை கேட்காமல் அம்மா வாக்குக் கொடுத்துவிட்டாள்.'

அடுத்து 'ஹனிமூன்'. தேனாக இனித்து, நிலாவாகத் தேய்ந்துபோகும் முதல் மாதம் என்று விளக்கம். கீழே... 'ஒரு மாதம்கூட இனிக்காது என்று அவளுக்கு இப்போதே தெரியும்.'

ஐயோ! இதையெல்லாம் எப்போது எழுதித் தொலைத்தாள்? அம்மா பார்த்திருக்கும் மாப்பிள்ளை அவளிடம் கேட்டது ஒரே ஒரு கேள்வி: "வேலையை எப்ப விடுவே?" அதற்கே அம்மா தலையை ஆட்டிவிட்டாள். இன்று மதியத்துக்குள் அவளும் முடிவு சொல்ல வேண்டும். வாய்விட்டு யாரிடமும் அழாததை, பக்கம் பக்கமாக அச்சுக்கு அனுப்பியிருக்கிறாளே!

"உங்க வேலை எழுத்துப்பிழை பாக்குறது. அடுத்தவங்க மனசைப் பாக்குறது இல்ல!" வெடுக்கென்று தாளைப் பிடுங்கினாள்.

"தப்புதாங்க." அவன் குரல் இறங்கியது. "மூணு வாரமா படிக்கிறேன். இந்த 'அவள்' நல்லா இருக்கணுமேன்னு மனசு கிடந்து அடிச்சுக்குது. 'வைஃப்'க்கு மட்டும் நீங்க உதாரணமே எழுதல... ஆதியில அதுக்கு 'பெண்'ணுன்னு மட்டும்தான் அர்த்தம்னு போட்டுட்டு, அப்படியே நிறுத்திட்டீங்க. அந்த வெள்ளை இடத்தைப் பாத்ததும் இருப்புக் கொள்ளல. ஓடி வந்துட்டேன்."

பெற்ற தாய் கண்ணில் படாதது, இந்த முன்பின் தெரியாதவன் கண்ணில் பட்டிருக்கிறது...

கைபேசி அலறியது. அம்மா.

"ஏண்டி, மாப்பிள்ளை வீட்டுல கேட்டுக்கிட்டே இருக்காங்க. நீயும் சரின்னுட்டேன்னு சொல்லிடவா?"

"வேண்டாம்மா."

தன் குரலைக் கேட்டு அவளே திடுக்கிட்டாள்.

"என்னடி உளர்றே? வாக்குக் குடுத்துட்டேன்டி!"

"அது நீ குடுத்ததும்மா. நான் குடுக்கல."

"யாரையாவது மனசுல வச்சிருக்கியா?"

அவள் அவனைப் பார்த்தாள். அவன் இன்னும் நனைந்தபடி, திட்டு வாங்கியவன் மாதிரி நின்றான்.

"ஆமாம்மா..."

"அடிப்பாவி! எத்தனை நாளா?"

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். "கால்மணி நேரமா."

அவன் நெஞ்சோடு அணைத்திருந்த கட்டு நழுவி, தாளெல்லாம் தரையில் பரவியது.

"எ... என்னையா சொன்னீங்க?"

"இங்க வேற யாரு இருக்கா?" முகம் பற்றி எரிந்தது அவளுக்கு. "பிடிக்கலைன்னா இப்பவே சொல்லிடுங்க... அம்மா லைன்லதான் இருக்காங்க."

அவன் ஈரக் கையை நீட்டினான்.

"குடுங்க... நான் பேசுறேன்."