ஈரத் தலையோடு வந்தவள்

சனிக்கிழமை காலை காப்பிகூட ஆறவில்லை, அதற்குள் வசந்தகுமாரி கைபேசியில் பெருமை பேச ஆரம்பித்துவிட்டாள்.

"என் தம்பி பொண்டாட்டி மாதிரி விரதம் இருக்க இந்தக் காலத்துல யாரால முடியும், சொல்லு? விடியறதுக்கு முன்னாடியே எழுந்து போயிடறா. தலைக்குக் குளிச்சு ஈரத்தோட வர்றா. தரையிலதான் படுக்கிறா. கறி, மீன் பக்கமே போறதில்ல. எனக்குக் கிட்னி குடுத்ததோட நிக்காம பால்குடமும் எடுக்கிறா. நான் குடுத்து வச்சவ லா..."

குளியலறையில் தலை துவட்டிக்கொண்டிருந்த கண்மணியின் காதில் இதெல்லாம் விழுந்தது. விழுந்தது, அவ்வளவுதான். சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை. போன வருஷம் அறுவைச் சிகிச்சை முடிந்து சிங்கப்பூரின் செங்காங் வட்டாரத்தில் இருந்த இந்த வீட்டுக்குத் திரும்பியதிலிருந்து அவளுக்கு எல்லாமே இப்படித்தான் இருந்தது. தழும்பைச் சுற்றித் தோல் மரத்துப்போயிருக்கும், சில பேருக்கு உணர்ச்சி திரும்பி வர நாளாகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மனசுக்கும் அப்படி நாளாகுமா என்று அவரிடம் எப்படிக் கேட்பது?

பால்குட வேண்டுதல் வசந்தகுமாரியுடையது. சிகிச்சை நல்லபடியாக முடிந்தால் கண்மணி மூன்று தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுப்பாள் என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடியே முருகனிடம் ஒப்புக்கொண்டுவிட்டாள். எடுக்கப்போகிறவளுக்குச் செய்தி அப்புறம்தான் வந்தது. நல்ல வேடிக்கை! யார் வேண்டிக்கொள்வது, யார் சுமப்பது?

ஆனால் கண்மணி விடியற்காலையில் போனது கோயிலுக்கில்லை, நீச்சல் குளத்துக்கு. உடம்பு தேறத் தண்ணீரில் நடங்கள் என்று உடற்பயிற்சி நிபுணர் சொன்னதில் ஆரம்பித்தது அது. நடந்தவள் நீந்தக் கற்றாள். குளத்தில் பழக்கமான ஒரு சீனப் பெண்மணி சைக்கிளுக்கு இழுத்தாள். அப்புறம் ஓட்டம். கடலில் நீந்தி, அந்த ஈரத்தோடு சைக்கிள் மிதித்து, மிச்சத்தை ஓடி முடிக்கிற 'ஸ்பிரிண்ட் டிரையத்லான்' போட்டி மறுநாள் ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரையில் நடக்க இருந்தது. டாக்டரிடம் கேட்டு, அவர் சரி என்ற பிறகு கண்மணி தானாகவே பெயர் கொடுத்திருந்தாள். மகள் ரக்ஷனாவுக்கு மட்டும்தான் தெரியும்.

முதன்முதலாக ஒரு நாள் ஈரத் தலையோடு வீட்டுக்குள் நுழைந்தபோது, "விரதம் ஆரம்பிச்சுட்டியா தாயி?" என்று வசந்தகுமாரி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். இல்லை என்று விளக்க ஒரு தெம்பு வேண்டுமே. கண்மணியிடம் அது இல்லை. பேசாமல் அடுப்படிக்குப் போய்விட்டாள். அதிலிருந்து அவள் விரதக்காரி.

இந்தச் சனிக்கிழமை அவள் குளியலறையிலிருந்து வெளியே வந்தபோது, தைப்பூசத்துக்கென்று சிராங்கூன் சாலையில் வாங்கிய மஞ்சள் புடவை சோபாவில் விரித்துக் கிடந்தது. பக்கத்தில் வசந்தகுமாரி. ஒரு கையில் ஈரமான நீச்சலுடை, இன்னொரு கையில் நீச்சல் கண்ணாடி.

"பிரசாதம் இருக்கான்னு உன் பையைத் தொறந்தேன். இது என்ன கண்மணி?"

"நீச்சலுடை, அண்ணி."

"அது எனக்குத் தெரியுது. கோயிலுக்குக் கொண்டு போற பையில இது எதுக்கு?"

"நான் கோயிலுக்குப் போறேன்னு சொல்லவே இல்லையே."

"அப்ப விரதம்?"

"நீங்களா நினைச்சுக்கிட்டீங்க."

"தரையில படுத்தியே?"

"சைக்கிள் ஓட்டினா முதுகு வலிக்குது. மெத்தையில படுக்க முடியல."

அடுப்படி வாசலில் நின்ற ரக்ஷனாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அத்தையின் முகத்தைப் பார்த்ததும் அது பாதியில் நின்றது. வசந்தகுமாரியின் கண்களில் நீர் முட்டியிருந்தது.

"ஊரெல்லாம் உன்னைப் பத்திச் சொல்லி வச்சிருக்கேன்... என் மூஞ்சில கரியைப் பூசிட்டியே..."

அந்த நேரம் பார்த்துக் கண்மணியின் கணவன் முத்துராமன் உள்ளே வந்தான். சாங்கி விமான நிலையத்தில் சரக்குப் பிரிவில் இரவு வேலை முடித்து வந்தவனுக்குச் சட்டையைக் கழற்றக்கூட விடாமல் அக்காள் முறையிட்டாள். நாளைய போட்டியைப் பற்றியும் ரக்ஷனா உளறிவிட்டாள். அம்மா இல்லாத வீட்டில் முத்துராமனை வளர்த்து ஆளாக்கியவள் வசந்தகுமாரி. தம்பிக்காகக் கல்யாணமே செய்துகொள்ளாமல் இருந்துவிட்டவள். அவள் கண் கலங்கினால் அவனுக்கு வேறு எதுவும் தெரியாது.

"ஒத்தைக் கிட்னியோட கடல்ல குதிக்கப் போறியா? நாளைக்கு நீ எங்கேயும் போகல. சொல்லிட்டேன்."

"டாக்டர் போகலாம்னுட்டாரு."

"டாக்டர் சொல்லுவாரு. வீட்டுல யாரையாவது கேட்டியா நீ?"

வசந்தகுமாரி புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு இன்னும் ஒரு படி மேலே போனாள்.

"நான் சாகக் கிடந்தப்ப யாரும் கேக்காமலே நீயா முன்னாடி வந்து, அண்ணிக்கு நான் தர்றேன்னு சொன்னியே. அந்த மனசு எங்கே போச்சு கண்மணி?"

"நானா சொன்னேன்?"

அவள் குரல் உயரவே இல்லை. சோறு வெந்துவிட்டதா என்று கேட்கிற குரல். முத்துராமன் தலையைக் குனிந்துகொண்டான். அந்தக் குனிவை அவன் அக்காள் பார்த்துவிட்டாள்.

"தம்பி... கண்மணியே வந்து சொன்னான்னு நீதானே என்கிட்ட சொன்னே?"

கண்மணிதான் சொன்னாள்.

"அன்னைக்கு உங்களைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு வந்தேன். நீங்க என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதீங்க. நீ தெய்வம்னீங்க. எதுக்குன்னே எனக்குப் புரியல. அப்புறம் வெளியே வராந்தாவுல வச்சுத்தான், அக்காகிட்ட சொல்லிட்டேன், மாட்டேன்னு சொல்லிடாதன்னு இவர் சொன்னாரு. யாராவது கட்டாயப்படுத்தினாங்களான்னு ஆஸ்பத்திரிக்காரங்க என்னைத் தனியா உக்கார வச்சுக் கேட்டாங்க. இல்லைன்னேன். உங்க முகத்தைப் பார்த்த பிறகு வேற என்ன சொல்றது?"

"அவர் உங்ககிட்ட வாக்குக் குடுத்தாரு. நீங்க முருகன்கிட்ட வாக்குக் குடுத்தீங்க. எல்லாம் என் உடம்பை வச்சு. நான் குடுத்தது ஒண்ணுதான் அண்ணி. மத்ததெல்லாம் என்னோடதுதானான்னு எனக்கே சந்தேகமாப் போச்சு. அதைத் தெரிஞ்சுக்கத்தான் நாளைக்குப் போறேன்."

நீச்சலுடையை வசந்தகுமாரியின் கையிலிருந்து மெதுவாக வாங்கி, பால்கனிக் கொடியில் காயப்போட்டாள். அன்று முழுக்க அந்த வீட்டில் சமையல் நடந்தது, சாப்பாடு நடந்தது, பேச்சு மட்டும் நடக்கவில்லை.

ஞாயிறு காலை ரக்ஷனா மட்டும் கூட வந்தாள். கண்மணியின் கையில் போட்டி எண்ணை மையால் எழுதினார்கள். கடலில் இறங்கியதும் யாரோ விலாவில் உதைத்தார்கள். உப்புத் தண்ணீரைக் குடித்தாள். தூரத்துக் கப்பல்களைப் பார்த்துக்கொண்டு கைகளை வீசினாள். பயம் வரும் என்று எதிர்பார்த்தாள், வரவில்லை. சைக்கிளில் எல்லாரும் அவளைத் தாண்டிப் போனார்கள். வெட்கமும் வரவில்லை. இதுவும் இப்படியே முடிந்துவிடுமோ என்று மட்டும் நினைத்துக்கொண்டாள்.

ஓட்டத்தில்தான் கால் மடங்கியது. கெண்டைக்கால் இழுத்துப் பிடித்து, ஒரு மரத்தைப் பற்றிக்கொண்டு நின்றாள். வலியில் உயிர் போனது. "அம்மாடி" என்று வாய்விட்டுக் கத்தினாள். தண்ணீர் கொடுக்கும் தொண்டூழியர் ஓடி வந்து, "ஆன்ட்டி, போதும் லா, உக்காருங்க" என்றார். முடியாது என்று தலையாட்டினாள். இந்த வலியை யாரும் அவளுக்காக ஒப்புக்கொள்ளவில்லை, யாருக்கும் நேர்ந்துவிடவும் இல்லை. நொண்டி நொண்டி நடந்தாள். முடிந்தபோது ஓடினாள். அவளுக்கு முன்னால் வந்தவர்கள் பாதிப் பேர் அதற்குள் வீட்டுக்குப் போயிருந்தார்கள்.

முடிவுக் கோட்டைத் தாண்டியதும் அவள் கழுத்தில் ஒரு பதக்கத்தை மாட்டிவிட்டார்கள். நிமிர்ந்து பார்த்தால் தடுப்புக்கு அந்தப் பக்கம் முகக்கவசம் போட்ட வசந்தகுமாரி நின்றாள். மாற்றுக் கிட்னி வைத்தவள் கூட்டத்துக்குள் போகக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். கொஞ்சம் தள்ளி முத்துராமன், என்ன செய்வதென்று தெரியாமல் தண்ணீர்ப் புட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"காலுக்கு என்ன?" என்றாள் வசந்தகுமாரி.

"இழுத்துக்கிச்சு. வலிக்குது அண்ணி. ரொம்ப வலிக்குது."

சொல்லும்போதே கண்மணிக்குக் கண்ணீர் கொட்டியது. எப்போது கடைசியாக அழுதாள் என்று அவளுக்கே நினைவில்லை.

"ராத்திரியெல்லாம் தூங்கல கண்மணி. உனக்காகத்தான் பயப்படறேன்னு இத்தனை நாளா நினைச்சிருந்தேன். பொய்யி. உனக்கு ஏதாவது ஆச்சுன்னா, உன்னோடதை உள்ளே வச்சுக்கிட்டு நான் எப்பிடி உயிரோட இருப்பேன்னு என்னை நினைச்சுத்தான் பயந்திருக்கேன். பால்குடத்தை நான் எடுக்கிறேன். வேண்டினது என் வாயிதானே."

முத்துராமன் அருகில் வந்தான். "கண்மணி... நான் உன்னைக் கேட்டிருக்கணும்."

"ஆமாங்க. கேட்டிருக்கணும்." கண்மணி அவனை நேராகப் பார்த்தாள். "கேட்டிருந்தா நானே சந்தோஷமாக் குடுத்திருப்பேன். அதுதான் எனக்கு ஆறவே மாட்டேங்குது."

அதற்குமேல் அவனிடம் சொல்ல அவளுக்கு அன்றைக்கு எதுவும் இல்லை. தண்ணீர்ப் புட்டியை மட்டும் வாங்கிக்கொண்டாள்.

வசந்தகுமாரி தடுப்பைச் சுற்றி வந்து எதிரில் நின்றாள். இரண்டு கைகளும் நீண்டன. பாதி வழியில் தயங்கி நின்றன.

"உன்னைக் கட்டிக்கவா?" என்று கேட்டாள்.

கண்மணி யோசித்து முடிக்கும்வரை வசந்தகுமாரி கையைக் கீழே போடாமல் காத்துக்கொண்டு நின்றாள்.

"கட்டிக்கோங்க அண்ணி" என்றாள் கண்மணி.