முள் பிடுங்கிய கடிகாரம்

மேசையின் தலைப்பக்கம் முதலாளி ரிஷி. சன்னலோரம் டிசைனர் ஷைமா. இருவருக்கும் எதிரே, கால் சரியில்லாத நாற்காலியில், கடிதம் எழுதுகிற ஜெயராஜ். நடுவில், கறுப்புத் துணிமேல், செத்துப்போன லோரி ஓட்டுநர் தம்புசாமியின் கைக்கடிகாரம்.

கை அசைந்தால் உள்ளே ஓர் அரைவட்டத் தகடு ஆடி, தானே சாவி கொடுத்துக்கொள்ளும் பழைய ரகம். ரிஷி அதன் முள்ளைப் பிடுங்கி, எண்களைச் சுரண்டி, தகடு மட்டும் தெரியும்படி கண்ணாடி பதித்திருந்தான். மணி காட்டாத கடிகாரத்துக்குக் கண்காட்சியில் மேடையாம். பிணத்துக்குப் பவுடர் பூசுகிறவன்கூட இவ்வளவு பீற்றிக்கொள்ள மாட்டான் என்று நினைத்தார் ஜெயராஜ்.

மூன்று நாளாக யாரும் அதைத் தொடவில்லை. தகடு ஆடிக்கொண்டிருந்தது.

"ஏர்கான் காத்துலா," என்றாள் ஷைமா.

ரிஷி ஒரு தாளைத் தள்ளினான். "கிள்ளான் மாரியாயி அக்கா மறுபடியும் லெட்டர். கிளீன் பண்ணத்தான் கொடுத்தேன், செத்த புருஷன் வாட்ச், அப்படியே திருப்பிக் கொடுங்கன்னு. லோரி ஓட்டினவர் வாட்ச் ஆர்ட் ஆயிடுச்சு, சந்தோஷப்படணும்லா! முடியாதுன்னு நாசூக்கா எழுதுங்க அண்ணே. கையாலேயே எழுதுங்க, அதான் நம்ம ஸ்டைல்."

மூன்றாவது கடிதம், மூன்றிலும் அதே ஒப்பாரி. எழுத்துப் பிழைக்கே அவளுக்குப் பதில் போடக்கூடாது. ஜெயராஜ் உதட்டைச் சுழித்து, பேனாவைத் திறந்தார்.

கீழே பிரிக்பீல்ட்ஸ் பூக்கடை மல்லிகையும் வடைச் சட்டி எண்ணெயும் மணக்க, மோனோரயில் சன்னலை உலுக்கிக் கடந்துபோக, அந்த மணங்களுக்கு அடியிலிருந்து டீசலும் ஊறிய வியர்வையும் மெல்லக் கிளம்பி மேசைமேல் படர்வதை உணர்ந்தபோதுதான், தகடு சும்மா ஆடவில்லை, கை வீசி நடக்கிற ஓர் ஆளின் தாளத்தில் ஆடுகிறது என்பது அவருக்குப் புரிந்தது.

பிறகு ஆட்டம் மாறியது. படியேறும் கையைப் போல. ஒரு வீச்சு. நிறுத்தம். இன்னொரு வீச்சு.

"வாசலைப் பாரும்மா."

ஷைமா எட்டிப் பார்த்தாள். "யாருமில்லலா அண்ணே. பட்டப்பகல்ல பேயா?"

ரிஷி வாய்விட்டுச் சிரித்தான்.

தகடு நின்றது.

ஜெயராஜின் இடது மணிக்கட்டை ஏதோ வார் போல இறுக்கியது. பார்த்தார். வெறும் கை. தகடு துடித்தது. இடது கை எழுந்தது. அவர் எழுப்பவில்லை. வலது கையிலிருந்த பேனாவை அது பிடுங்கிக்கொண்டது. தடுத்தார். முடியவில்லை. கத்த வாய் திறந்தார். காற்று மட்டும் வந்தது.

அவருடையது அல்லாத, கோணலான எழுத்து தாளில் ஊர்ந்தது.

'மாரியாயி, வாட்ச் போனால் போகட்டும். கை கிடைத்துவிட்டது. இந்தக் கடிதத்துக்குப் பின்னாலேயே வருகிறேன்.'

"அதுக்குள்ள முடிச்சிட்டீங்களா? குட்," என்றான் ரிஷி, போனிலிருந்து தலை தூக்காமல்.

இடது கை தாளை மடித்தது. உறையில் போட்டது. ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டியது. வாசலில் வந்து நின்ற கூரியர்காரனிடம் நீட்டியது.

"கிள்ளானா? நாளைக்குக் காலையில போயிடும் பாஸ்."

அவன் படியிறங்கினான். கீழே மோட்டார் சைக்கிள் கிளம்பும் சத்தம்.

ஜெயராஜின் இடது கை வெறும் காற்றில் எதையோ பற்றியது. முன்னே தள்ளியது. முதல் கியர். பின்னே இழுத்தது. இரண்டு.