சுற்றாமல் நின்றது

தலை சுற்றினால் அறை மொத்தமும் சேர்ந்துதான் சுற்ற வேண்டும். பெலிசியா அன்று காலை படுக்கையில் வலப்பக்கம் புரண்டதும் மின்விசிறி, ஜன்னல், பீரோ, சுவரில் மாட்டியிருந்த மாதா படம் எல்லாம் ஒரே பக்கமாக இழுத்துக்கொண்டு ஓடின. பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த கருப்பு மட்டும் ஓடவில்லை. அசையாமல் நின்றது. சுற்றல் அடங்கியபோது அங்கே வெறும் சுவர்.

சிதம்பரத்தில் பிசியோதெரபி மேற்படிப்பு படிக்கிறாள் அவள். தலை சுற்றுகிறவர்களையும் நடை தடுமாறுகிறவர்களையும் பழக்குவதுதான் அவள் எடுத்துக்கொண்ட பிரிவு. அவளுக்கே அந்த வியாதி வந்ததை முதலில் வகுப்பில் கேலியாகத்தான் பேசினார்கள். உடம்பு எந்தப் பக்கம் திரும்புகிறது என்று மூளைக்குச் சொல்லும் குழாய்கள் காதுக்குள் இருக்கின்றன. அவற்றில் ஒரு சுண்ணாம்புத் துகள் இடம் தவறி விழுந்தால் போதும், சும்மா படுத்திருப்பவளைச் சுழல்கிறாள் என்று மூளை நம்பிவிடும். கண்ணும் அதை நம்பித் துடிக்கும். தலையை முறைப்படி திருப்பித் துகளை வெளியே உருட்டிவிட்டால் தீர்ந்தது. எத்தனையோ பேருக்கு அவள் கையாலேயே தீர்ந்திருக்கிறது. அவளுக்கு மட்டும் மாதக்கணக்காகத் தீரவில்லை.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். சுற்றலுக்கு நடுவே அசையாமல் நிற்கிற அந்தக் கருப்பைப் பற்றிச் சொன்னால் ஒருவரும் காது கொடுக்கவில்லை. அதுதான் அவளுக்கு ஆத்திரமாக வந்தது. விழித்திரை சுத்தமாக இருக்கிறது என்றார் கண் டாக்டர். ஸ்கேனிலும் குறையில்லை. அன்று காலை கணவன் டேவிட் ராஜ் சட்டைக்குப் பட்டன் போட்டுக்கொண்டே சொன்னான்.

"திரும்பவும் அதேதானா? புக்க மூடி வச்சுட்டு நல்லாத் தூங்கு பெலி. சரியாப் போவும்."

"படுத்தாத்தான அது வருதுன்றேன்."

"எது வருது?"

பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்துவிட்டது.

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, முன் சீட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, டீசல் புகையும் யாரோ மடியில் வைத்திருந்த கருவாட்டுக் கூடையின் வாடையும் கலந்து தொண்டைக்கு ஏற, தலையை ஆட்டாமல் வெளியே பார்த்துக்கொண்டு போனாள். புதுச்சத்திரம் தாண்டியபோதுதான் அந்த யோசனை வந்தது. கண் துடிக்கும்போது நிற்கிற பொருளெல்லாம் ஓடுவதாகத் தெரியும். அப்படியானால் ஓடாமல் தெரிவது எது? அவள் கண் போகும் பக்கமெல்லாம், அதே வேகத்தில், கூடவே நகர்கிற ஒன்று.

கம்பியில் உள்ளங்கை வழுக்கியது.

துறையின் மூத்த டாக்டர் தில்லைநாதன் அவளை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "ஏம்மா, நீயே படிச்ச பொண்ணு. கண்ணுக்குள்ள பூச்சி பறக்கறாப்ல தெரியறது எல்லாருக்கும் உள்ளதுதான்."

"பூச்சி இல்ல சார். ஆள் உசரம் இருக்குது."

"டென்ஷன் ஜாஸ்தியாயிடுச்சு உனக்கு. படு, இன்னொரு தடவ செஞ்சு பாத்துருவோம்."

கட்டிலின் விளிம்புக்கு வெளியே அவள் தலை தொங்கியது. வலது காது கீழே. ஸ்பிரிட் வாடை, ஏசியின் முனகல், தாடையை அழுத்திய டாக்டரின் குளிர்ந்த விரல்கள். பிறகு அறை கழன்றுகொண்டது. கதவு ஓடியது. காலண்டர் ஓடியது. டாக்டரின் முகம் ஓடியது.

அது ஓடவில்லை. கட்டிலின் கால்மாட்டில் நின்றது. இவ்வளவு கிட்டே வந்ததில்லை.

"சார், அங்க..."

"கண்ண மூடாத. தலைய ஆட்டாத."

இடப்பக்கம் திருப்பினார். ஒருக்களித்துப் படுக்க வைத்தார். உட்கார வைத்தார். வலது காதுக்குள் ஏதோ ஈரமாக நழுவியது.

"அவ்ளோதான்," என்று கையைத் துடைத்துக்கொண்டார். "உள்ள இருந்தது வெளிய வந்துடுச்சு."

மறுபடி படுத்துப் பார்த்தாள். புரண்டு பார்த்தாள். எதுவும் சுற்றவில்லை. கால்மாட்டில் யாரும் இல்லை. நிம்மதியில் அழுகை வந்தது. பார்த்தாயா என்பதுபோல் டாக்டர் சிரித்ததில் அந்த அழுகையும் எரிச்சலாகிவிட்டது.

அன்று அந்தியில், கடலூர் வீட்டில் விளக்குப் போட்டதும் இருவரும் எதிரெதிரே சாப்பிட உட்கார்ந்தார்கள். அவளுக்குப் பின்னால் கூடம். மீன் குழம்பு மணத்தது. தரை ஆடாமல் தரையாக இருந்தது.

"சரியாயிடுச்சுங்க," என்றாள்.

"நான்தான் காலையிலயே சொன்னேன்ல. நீ எங்க கேக்..."

பாதியில் நிறுத்தினான். சோற்றைப் பிசைந்த கை தட்டிலேயே நின்றது. அவளுடைய இடது தோளுக்கு மேலே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவன் கண் துடிக்கிறதா என்று கவனித்தாள். படிப்பு தந்த பழக்கம். துடிக்கவில்லை. நகர்ந்தது. மெதுவாக, வெட்டில்லாமல், எண்ணெயில் வழுக்குவதுபோல. எதிரே ஒன்று நகராமல் எந்த மனிதனாலும் கண்ணை அப்படி நகர்த்த முடியாது. முதல் வருஷப் பாடம்.

"என்னங்க?"

"திரும்பாத பெலி." உதடுகள் மட்டும் அசைந்தன.

அவன் கண்கள் அவள் முதுகுக்குப் பின்னால் போயின. கடந்தன. வலது தோளுக்கு வந்தன. யாரோ குனிவதைப் பார்ப்பதுபோல் கொஞ்சம் கீழே இறங்கின.

அவளுடைய காதருகே நின்றன.

அங்கேயே நின்றன.